ஏலம் குடியேறிய ஊர்

தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்துள்ள ஊர் சிலமலை. அதன் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் உயர்ந்து நிற்கிறது. அம்மதிலுக்கு அப்பால் உள்ளவை ஏலமலைகள். பொழுது புலருமுன்னரே இவ்வட்டாரத்து ஊர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு வழியாக மலைத் தோட்டங்களுக்குச் செல்வர். நாள் முழுதும் குனிந்து காய் பறித்து, அந்தி சாயும் வேளையில் இல்லம் திரும்புவர். அவர்கள் பறித்த காய் உலர்ந்து பக்குவமாகி, போடியிலுள்ள ஏல மையத்திற்கு விற்பனைக்கு வரும். ஏலம் ஏலத்திற்கு வரும் அவ்விடத்தில் ஓர் அயல்நாட்டின் பெயர் அடிக்கடி செவியில் விழும். அப்பெயர் குவாத்தமாலா என்பதாகும். “அங்கே விளைச்சல் மிகுந்தால் இங்கே விலை இறங்கும், அங்கே மழை பொய்த்தால் இங்கே விலை ஏறும்” என்பது வணிகர் கணக்கு.

சிலமலைப் பகுதி மக்கள் பலருக்குக் குவாத்தமாலா என்பது ஒரு போட்டியாளரின் பெயர் மட்டுமே. அங்கு வாழ்பவர் யாவர்? அவர்கள் உண்பது யாது? எந்நாளில் விழாக் கொண்டாடுவர்? இங்கிருந்து ஒருவர் அங்குச் சென்று குடியேறினால் அவர்தம் வாழ்வு எவ்வாறு அமையும்? இவற்றை அறிந்துகொண்டால், விலைப்பட்டியலில் வெறும் பெயராக நின்ற அந்நாடு மனிதர் வாழும் நாடாக மனத்தில் உருப்பெறும்.

முதலில் அங்குக் குடியேறியது மனிதரன்று, ஏலச்செடியே. ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய தாவரம். ஓங்கிய மரங்களின் நிழலும், ஈரம் உலராத மண்ணும், அடிக்கடி பெய்யும் சாரலும் அதற்கு இன்றியமையாதவை. பூவும் காயும் செடியின் உச்சியில் தோன்றுவதில்லை. அடியிலிருந்து கிளம்பித் தரையையொட்டிப் படரும் சரங்களில் தோன்றும். ஆதலின் ஏலக்காய் பறிப்பவர் நிமிர்ந்து நின்று பறித்தல் இயலாது. நூற்றாண்டுகள் பலவாக உலகச் சந்தைக்கு ஏலம் வழங்கிய நாடுகளுள் தலையாயது இந்தியா. 1914-ஆம் ஆண்டை ஒட்டி ஆஸ்கார் மாயுஸ் கிளோஃபர் என்னும் ஜெர்மானியத் தோட்டக்காரர், நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டின் கோபான் நகரத்தருகே இச்செடியை முதன்முதல் பயிரிட்டார் என்பர். அம்மலையின் நிழலும் சாரலும் ஏலத்திற்குத் தாயகத்தை ஒத்திருந்தன. செடி தழைத்தது. 1980-களுக்குள் ஏலக்காய் ஏற்றுமதியில் குவாத்தமாலா இந்தியாவை முந்திவிட்டது. சென்ற இடத்தில் வேரூன்றி வாழ்வது எப்படி என்பதை இச்செடியே முதலிற் கற்றுக்கொண்டது எனலாம்.

குவாத்தமாலா தமிழ்நாட்டைவிடப் பரப்பிற் சற்றுச் சிறிய நாடு. வடக்கிலும் மேற்கிலும் மெக்சிகோவும், கிழக்கில் பெலீசு, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய நாடுகளும் அதன் எல்லைகள். தெற்கே பசிபிக் பெருங்கடல் உள்ளது. சிலமலையில் மாலை ஆறு மணியாகும்போது அங்கே காலை ஆறரை மணி. இங்குள்ளோர் வேலை முடித்து வீடு திரும்பும் நேரத்தில் அங்குள்ளோர் வேலைக்குப் புறப்படுவர். 1524-ஆம் ஆண்டில் ஸ்பானியர் படையெடுத்து வந்து அந்நாட்டைக் கைப்பற்றத் தொடங்கினர். 1821 செப்டம்பர் 15-ஆம் நாள் ஸ்பானிய ஆட்சியினின்றும் அது விடுதலை பெற்றது. ஆயினும் ஸ்பானிய மொழி நிலைத்துவிட்டது. அதனுடன் அந்நாட்டின் பழங்குடிகளான மாயா மக்களின் மொழிகள் இருபதுக்கு மேற்பட்டவை இன்றும் வழங்கி வருகின்றன.

கோபான், ஆல்த்தா வெராப்பாஸ் என்னும் மாநிலத்தின் தலைநகர். வெராப்பாஸ் என்னும் சொல்லுக்கு ‘மெய்யான அமைதி’ என்பது பொருள். ஸ்பானியர் படையால் இப்பகுதியை அடக்க முடியவில்லை. போர் நாடு என்றே அதற்குப் பெயரிருந்தது. பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்னும் துறவி, வாளேந்தி வருதல் கூடாது, சொல்லால் மட்டுமே மக்களை அணுகுதல் வேண்டும் என்று வாதாடி, 16-ஆம் நூற்றாண்டில் அவ்வழியை அங்கே மேற்கொண்டார். அதன் பின்னர்ப் பெயர் மாறியது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்திலுள்ள கோபானில், ஓசையின்றி நாட்கணக்கில் தூறல் விழும். அத்தூறலை அவ்வூரார் ‘சிப்பி-சிப்பி’ என்பர். ஏலமலைச் சாரலில் நனைந்து பழகிய தமிழர்க்கு அது புதிய மழையாகத் தோன்றாது.

ஏலத் தொழிலறிந்த தமிழர் ஒருவர் இவ்வூரில் ஈராண்டு வாழச் சென்றார் என்று கொள்வோம். அவர் முதலில் எதிர்கொள்வது மொழி. தொடக்கத்தில் ஒவ்வொரு சொல்லும் ஒரு கதவாக அடைத்து நிற்கும். ஆனால் சில கதவுகள் எதிர்பாராமல் திறக்கும். தமிழில் வழங்கும் ‘மேசை’ என்னும் சொல் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது. அதன் உடன்பிறந்த மொழியாகிய ஸ்பானியத்திலும் அது ‘மேசா’வே. ‘பாதிரி’யும் அவ்வாறே, அங்கே ‘பாத்ரே’. பப்பாளி அங்கும் ‘பப்பாயா’. இவற்றினும் வியப்பானது முன்னிலைச் சொல்லின் வகை. ஒருவரை அழைக்கக் குவாத்தமாலா மக்கள் ‘வோஸ்’, ‘தூ’, ‘உஸ்தெத்’ என மூன்று சொற்களை வழங்குவர். முதலாவது நெருங்கிய தோழர்க்கு உரியது, மூன்றாவது பெரியோர்க்கும் அறிமுகமற்றோர்க்கும் உரியது, இரண்டாவது இடைப்பட்டது. நீ, நீர், நீங்கள் என்னும் வேறுபாட்டை அறிந்த தமிழருக்கு இம்மூன்றனையும் இடமறிந்து வழங்குதல் அரிதன்று.

சொற்களைக் கற்பதோடு மொழி முடிவதில்லை. சொல்ல வேண்டிய நேரத்தையும் கற்றல் வேண்டும். கடைக்குள் நுழைபவர், பொருள் வாங்குமுன் அங்குள்ள அனைவர்க்கும் காலை வணக்கமோ மாலை வணக்கமோ கூறுதல் அந்நாட்டு மரபு. வணக்கம் கூறாது நேரே விலை கேட்பவரைப் பண்பற்றவராகக் கருதுவர். உண்டுகொண்டிருப்பவரைக் கடந்து செல்லும்போது, “உணவு உடலுக்கு நன்மை தருக” என்னும் பொருளில் ஒரு சொல் கூறிச் செல்வர். அறிமுகம் இல்லாதவர்க்கும் இச்சொல் உண்டு. ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னும் தந்தை வழிக் குடும்பப் பெயரும் தாய் வழிக் குடும்பப் பெயரும் சேர்ந்து வரும். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் தம் பெயருக்கு முன்னிட்டுப் பழகிய தமிழர், அங்குள்ள அலுவலகப் படிவங்களை நிரப்பும்போது இடர்ப்படுவது இயல்பு.

கோபானில் ஸ்பானியம் மட்டும் அறிந்தால் போதாது. நகரத்தைச் சூழ்ந்த மலைகளில் ஏலம் விளைவிப்போர் பெரும்பாலும் கெக்சி என்னும் மாயா மொழி பேசும் மக்கள். சந்தையிலும் பேருந்திலும் அம்மொழியே மிகுதியாக ஒலிக்கும். கெக்சி மொழியினர் ஒருவரையொருவர் நலம் வினவும் முறை நினைவிற் கொள்ளத்தக்கது. ‘மா சா லா ச்சோல்?’ என்று அவர்கள் கேட்பர். ‘உன் நெஞ்சம் இனிதாக உள்ளதா?’ என்பது அதன் பொருள். உடல்நலத்தையோ தொழில்நலத்தையோ முதலிற் கேளாது நெஞ்சத்தின் நலத்தை அம்மொழி வினவுகிறது. ஸ்பானியம் கற்ற அயலாரைக் கோபான் மக்கள் மதிப்பர். கெக்சியில் இவ்வொரு வினாவையேனும் கேட்கத் தெரிந்த அயலாரை நெஞ்சார வரவேற்பர்.

அடுத்தது உணவு. நமக்கு அரிசி எவ்வாறோ, அவ்வாறு அவர்க்கு மக்காச்சோளம். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத் தோலகற்றி, முக்காலி போன்ற கல்லின்மேல் குழவியால் அரைப்பர். நகரங்களில் இன்று அரைவை எந்திரங்கள் வந்துவிட்டன. எனினும் ஊர்ப்புறங்களில் அக்கல் இன்னும் மறையவில்லை. அதனைக் காணும் தமிழர்க்குத் தம் வீட்டு அம்மி நினைவுக்கு வரும். அரைத்த மாவைக் கையால் தட்டித் தட்டையான ஓட்டின்மேல் சுட்டு எடுப்பது ‘தோர்த்தியா’. அதனைக் கருநிற அவரை விதைக் குழம்புடன் மூன்று வேளையும் உண்பர். சோள மாவைக் கரைத்துக் காய்ச்சும் ‘அத்தோல்’ என்பது நம் கூழை ஒத்தது. மாவின் நடுவே இறைச்சியும் குழம்பும் இட்டு இலையில் பொதிந்து ஆவியில் வேகவைப்பது ‘தமால்’. தமிழ் என்னும் பெயரோடு ஒலி ஒத்திருப்பினும் அச்சொல்லுக்கும் நம் மொழிக்கும் தொடர்பில்லை. அது மெக்சிகோவின் பழங்குடி மொழியிற் பிறந்தது. சனிக்கிழமை தோறும் தமால் விற்கும் வீடுகள் வாயிலில் செவ்விளக்கு ஏற்றி வைத்திருக்கும். அவ்விளக்கே விளம்பரப் பலகை.

கோபான் நகருக்கே உரிய உணவு ‘காக்கிக்’ என்னும் வான்கோழிச் சாறு. மிளகாயும் கொத்தமல்லியும் புதினாவும் சேர்ந்து அது செந்நிறமாக இருக்கும். புகையில் உலர்த்திய கோபான் மிளகாய் நாடெங்கும் பெயர் பெற்றது. காரம் மிக்க உணவைக் கண்டு மகிழும் தமிழர், அங்கே ஓர் உண்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று. அது அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வாயிலாக இந்தியாவிற்கு வந்தது. அதற்கு முன்னர் நம் சமையலறையில் காரம் தந்தது மிளகு. தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், கொய்யா, பப்பாளி, முந்திரி ஆகியனவும் அக்கண்டம் அளித்த கொடைகளே. அங்கிருந்து மிளகாய் இங்கு வந்தது. இங்கிருந்து ஏலம் அங்குச் சென்றது. வந்ததை அயலதென்று நாம் ஒதுக்கவில்லை. சென்றதை அவர்களும் ஒதுக்கவில்லை.

ஆயினும் இக்கொடுக்கல் வாங்கலில் ஒரு வேறுபாடு உண்டு. நாம் மிளகாயை உண்கிறோம். அவர்கள் ஏலக்காயை உண்பதில்லை. அங்கு விளைவதில் மிகப் பெரும்பகுதி சவூதி அரேபியா முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது. அந்நாடுகளில் காப்பியுடன் ஏலம் சேர்த்துக் காய்ச்சி விருந்தினர்க்கு வழங்குவர். அதனை விளைவிக்கும் கெக்சி உழவர் வீட்டுச் சமையலில் ஏலத்திற்கு இடமில்லை. ஏலமலைத் தொழிலாளி தம் வீட்டுப் பாயசத்தில் இரண்டு காயேனும் தட்டிப் போடுவார். கோபான் மலை உழவர்க்கு அக்காய் முழுவதும் விற்பனைச் சரக்கே. எனவே விலை வீழ்ந்தால் அது அவர்க்கு உணவாகவும் உதவாது.

ஏலக்காய் பறிக்கும் பருவத்தில் அம்மலைவாழ் குடும்பங்கள் பச்சைக் காயை மூட்டை கட்டி முதுகில் சுமந்து சாலைக்கு வருவர். அங்கே காத்திருக்கும் இடைத்தரகரை மக்கள் ‘கோயோத்தே’ என்பர். அது அந்நாட்டு நரியினத்து விலங்கொன்றின் பெயர். தரகரைப் பற்றி உழவர் கொண்ட கருத்து அப்பெயரிலேயே வெளிப்படுகிறது. உலர்த்தும் அறை சிறு உழவரிடம் இராது. பச்சைக் காயோ விரைவில் கெட்டுவிடும். அதனால் சொன்ன விலைக்கே விற்க நேரிடும். ஏலமலைத் தோட்டக்காரர் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் உலர்த்துக் கூடத்தின் அருமையை அறிந்த தமிழர், இந்நிலையைக் கண்டு, போட்டியாளர் என்று தாம் எண்ணியிருந்தவர் தம் ஊர்ச் சிறு உழவரைப் போன்றவரே என்று உணர்வார். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். அக்கணக்கு இரண்டு மலைகளிலும் ஒன்றே; குனிந்து பறிப்பவர் முதுகின் வலியும் ஒன்றே.

ஓர் ஊரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் அதன் விழாக்களைக் காணல் வேண்டும். குவாத்தமாலாவின் பெருவிழா, ஈஸ்டருக்கு முந்திய புனித வாரம். அப்போது பழைய தலைநகராகிய ஆந்திகுவாவிலும் ஏனைய நகரங்களிலும் மக்கள் தெருவிலே கம்பளம் அமைப்பர். அது நூலால் நெய்த கம்பளமன்று. வண்ணமூட்டிய மரத்தூளையும், ஊசியிலைகளையும், மலர்களையும் அச்சிட்டுப் பரப்பி இரவெல்லாம் விழித்திருந்து ஆக்கும் கோலமே அது. ஊர்வலத்தார் சிலைகள் தாங்கிய பெரிய மர மேடைகளைத் தோளில் சுமந்து அதன்மேல் நடந்து செல்வர். ஒரே சமயத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் தோள் கொடுக்கும் மேடைகளும் உண்டு. பலமணி நேரம் உழைத்து ஆக்கிய கோலம் சில நொடிகளில் கலைந்துபோகும். அதற்காக எவரும் வருந்துவதில்லை. மிதிபடுவதற்கென்றே அது இடப்பட்டது. மார்கழி விடியலில் இட்ட கோலம் பகலில் அழிவதைக் கண்டு வளர்ந்த தமிழர்க்கு இவ்வுண்மையை விளக்க வேண்டுவதில்லை. இப்புனித வார மரபை 2022-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

கோபான் நகரின் ஊர்த்திருவிழா ஆகஸ்டு 4-ஆம் நாளை ஒட்டி நிகழும். அந்நகரின் காவலராகக் கருதப்படும் புனித தொமினிக்கின் விழா அது. அதையொட்டி, ‘ராபின் அஹாவ்’ என்னும் நிகழ்ச்சி நடைபெறும். ‘அரசனின் மகள்’ என்பது அதன் பொருள். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாயா இளம்பெண்கள் தத்தம் ஊருக்குரிய நெசவாடை அணிந்து வந்து அவையில் பேசுவர். அவர்களுள் ஒருவர் அவ்வாண்டின் அரசியாகத் தேர்ந்தெடுக்கப்படுவார். நகரின் ஒவ்வொரு பகுதியாரும் தமக்குரிய புனிதரின் விழாவைப் ‘பாபாங்க்’ என்னும் பெயரால் கொண்டாடுவர். அதனை முன்னின்று நடத்தும் பொறுப்பு ஆண்டுதோறும் கைமாறும். நம் கோயில்களின் மண்டகப்படி முறையை அது பெரிதும் ஒத்தது. விழாவில் ஒலிக்கும் ‘சிரிமியா’ என்னும் குழல், நாகசுரம் போலச் சீவாளி வைத்து ஊதப்படுவது. உடன் முரசு ஒலிக்கும். அவ்வொலியைக் கேட்கும் தமிழர் ஒருவேளை, வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிற் சித்திரைத் திருவிழாவை நினைந்து சற்றே கண் கலங்குவார். அவ்விழாவுக்குத் தேனி வட்டாரத்தார் எத்திசையில் இருப்பினும் வந்து சேர்வர். தொலைவில் வாழ்வோர்க்கு விழா நாளே தனிமையை மிகுதியாக உணர்த்தும் நாள். அத்தனிமைக்கு மருந்து, கதவடைத்துக்கொண்டு உள்ளே இருத்தலன்று. பக்கத்து வீட்டார் விழாவுக்குச் சென்று நிற்றலே.

நவம்பர் 1-ஆம் நாள் மறைந்தோரை நினையும் நாள். குடும்பத்தார் கல்லறைகளைத் தூய்மை செய்து மலரிட்டு, உணவுடன் அங்கேயே அமர்ந்து நாளைக் கழிப்பர். சும்பாங்கோ, சாந்தியாகோ சக்கத்தெப்பேக்கஸ் என்னும் இரு ஊர்களில் பல மீட்டர் அகலமுள்ள பெரும் பட்டங்களைக் காகிதத்தாலும் மூங்கிலாலும் செய்து நிறுத்துவர். சிறியவற்றை வானில் விடுவர். இருப்போர்க்கும் மறைந்தோர்க்கும் இடையே தூது செல்வன அப்பட்டங்கள் என்பது நம்பிக்கை. கல்லறைக்கு இடும் மலர் நம் நாட்டுச் செண்டுமல்லி. அம்மலர்ச் செடியின் தாயகமும் அப்பகுதியே. ஆயுத பூசையன்று நாம் வாயிலில் கட்டும் மலர் அங்கே இறந்தோர்க்குரிய மலராக உள்ளது. ஒரு மலர்க்கு இரு நாடுகளில் இரு பொருள். எது சரி என்று வினவுதல் பொருந்தாது. இரண்டும் அன்பின் அடையாளங்களே.

டிசம்பர் 7-ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு மக்கள் வீட்டிலுள்ள பழம்பொருள்களை வாயிலில் குவித்துத் தீயிடுவர். ‘பேயை எரித்தல்’ என்பது அவ்விழாவின் பெயர். தீமையனைத்தும் தீயில் மடிந்து இல்லம் தூய்மையாகும் என்பர். நம் போகிப் பண்டிகையை இது நினைவூட்டும். நெகிழிப் பொருள்களை எரித்துக் காற்றைக் கெடுத்தல் ஆகாது என்னும் அறிவுரை இரு நாடுகளிலும் இப்போது ஒலிக்கிறது.

விழாக்கள் பலவற்றுள்ளும் அயல்நாட்டிலிருந்து வந்தவர் நெஞ்சைத் தொடுவது ‘பொசாதாஸ்’. அதற்குத் ‘தங்கும் இடங்கள்’ என்பது பொருள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் இது நிகழும். மரியாளும் சூசையும் பெத்லகேமில் தங்க இடமின்றி அலைந்த நிகழ்ச்சியை மக்கள் நடித்துக் காட்டுவர். ஒரு கூட்டத்தார் விளக்கேந்தி, ஆமையோட்டைத் தட்டி ஒலியெழுப்பி, ஒரு வீட்டு வாயிலில் நின்று இடம் கேட்டுப் பாடுவர். உள்ளிருப்போர் முதலில் மறுத்துப் பாடுவர். கேள்வியும் மறுப்பும் மாறி மாறித் தொடரும். இறுதியில் கதவு திறக்கும். வந்தோர் அனைவர்க்கும் பருகவும் உண்ணவும் கிடைக்கும். வழிவழியாக அவ்வூரில் வாழ்பவரே ஒன்பது நாள் வீடற்றவராக நின்று கதவைத் தட்டிப் பார்க்கின்றனர். இடமின்றி நிற்பவர் துயரை இடமுள்ளோர்க்கு உணர்த்த இதனினும் எளிய வழி வேறில்லை.

கதவு திறந்தபின் விருந்தினர் நடந்துகொள்ளும் முறையும் எண்ணத்தக்கது. கோபான் நகரின் வரலாற்றில் அதற்கு ஒரு பாடம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியர் பலர் அங்குக் குடியேறிக் காப்பித் தோட்டங்கள் அமைத்தனர். சாலையும் இருப்புப்பாதையும் அமைந்தன. அவர்களுள் சிலர் கெக்சி மொழியை நன்கு கற்றனர். அம்மக்களோடு மண உறவும் கொண்டனர். ஆயினும் கெக்சி மக்கள் பொதுவில் உழுதுவந்த நிலங்கள் தோட்டங்களாயின. நிலத்துக்கு உரியவர் அந்நிலத்திலேயே கூலிகளாயினர். கட்டாய உழைப்பைச் சட்டமும் ஆதரித்தது. பின்னர் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, ஜெர்மானியர் பலர் நாடு கடத்தப்பட்டனர். அவர்தம் தோட்டங்களை அரசு கைப்பற்றியது. மொழியைக் கற்றது போதவில்லை. நிலத்தையும் உழைப்பையும் பறித்துக்கொண்டவர் எத்துணைக் காலம் வாழ்ந்தாலும் அவ்வூரார் ஆகிவிடுவதில்லை. 1960 முதல் 1996 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலும் மாயா மக்களே மிகுதியாக மாண்டனர். இன்று அவர்கள் நெய்யும் ஆடையிலும் ஆடும் கூத்திலும் அத்துயரைக் கடந்து வாழும் உறுதி விளங்குகிறது.

வேறொரு விருந்தினரும் உண்டு. மராத்திய நாட்டு வர்தாவிற் பிறந்த பாண்டுரங்க கான்கோஜே, இந்திய விடுதலைக்குப் பாடுபட்டதனால் நாடு திரும்ப இயலாதவராயினார். 1924-ஆம் ஆண்டில் அவர் குவாத்தமாலாவின் அண்டை நாடாகிய மெக்சிகோவை அடைந்தார். ஸ்பானிய மொழியில் பயிற்றுவித்துச் சப்பிங்கோ நகரிலுள்ள தேசிய வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றினார். மக்காச்சோளம் அந்நாட்டாரின் உயிர். அம்மக்காச்சோளத்தையே ஆராய்ந்து அதன் விளைவைப் பெருக்க முயன்றார். உழவர்க்கெனக் கட்டணமின்றிக் கற்பிக்கும் வேளாண்மைப் பள்ளிகளை நிறுவுவதில் முன்னின்றார். புகழ்பெற்ற ஓவியர் தியெகோ ரிவேரா தம் சுவரோவியம் ஒன்றில், பலர் கூடிய உணவு மேசையில் ரொட்டியைப் பகிர்ந்தளிப்பவராக அவர் உருவைத் தீட்டினார். இந்தியா விடுதலை பெற்ற பின்னர்த் தாயகம் திரும்பிய அவர், 1967-ஆம் ஆண்டில் நாகபுரியில் காலமானார். ஜெர்மானியத் தோட்டக்காரர் சென்ற நாட்டின் நிலத்தைத் தமதாக்கினர். கான்கோஜே தம் அறிவைச் சென்ற நாட்டுக்கு உரியதாக்கினார். இருவர் வாழ்வுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கோபான் சென்ற தமிழர் அத்துணைப் பெருஞ்செயல் ஆற்ற வேண்டுவதில்லை. தைத் திங்கள் முதல் நாளன்று அவர் பொங்கலிட்டால் போதும். அதற்கு வேண்டிய பொருள்கள் யாவும் அங்கே உள்ளன. அரிசி கிடைக்கும். கரும்புச் சாற்றைக் காய்ச்சி அச்சில் வார்த்த ‘பனேலா’ என்பது நம் அச்சு வெல்லமே. முந்திரியும் உண்டு. ஏலமோ அம்மலையெங்கும் விளைகிறது. பொங்கிய பொங்கலை இலையில் வைத்துப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்தால், வாழ்நாளெல்லாம் ஏலம் பறித்தும் அதன் சுவையை உணவில் அறியாத ஒருவர் அன்றுதான் தம் உழைப்பின் இனிமையை நாவால் உணர்வார். மறுநாள் அவ்வீட்டிலிருந்து தமாலோ அத்தோலோ இவ்வீட்டிற்கு வரும். அதன் பின்னர் அத்தெருவில் அவர் அயலாரல்லர்.

சிலமலையும் கோபானும் ஒரே பயிரால் வாழும் இரு ஊர்கள். சந்தை அவற்றைப் போட்டியாளராக்கியது. சாரலும், கூழும், கோலமும், குனிந்து பறிக்கும் உழைப்பும் அவற்றை உறவாக்குகின்றன. விலை ஏறுவதும் இறங்குவதும் நாளுக்கு நாள் மாறும். இவ்வுறவை அறிந்தவர் மனம் மாறாது. ஒரு நாட்டின் பெயரைக் கேட்டவுடன் அங்கு விளையும் சரக்கை மட்டும் நினைப்பது வணிகம். அங்கு வாழ்வோரின் நெஞ்சம் இனிதாக உள்ளதா என்று வினவுவது கல்வி.

பயிற்சி வினாக்கள்

1. ஏலச்செடி கோபான் நகரத்தருகே தழைத்ததற்குரிய காரணங்கள் யாவை?

2. ‘அங்கிருந்து மிளகாய் இங்கு வந்தது, இங்கிருந்து ஏலம் அங்குச் சென்றது.’ இக்கொடுக்கல் வாங்கலில் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. குவாத்தமாலா விழாக்களுள் தமிழர் விழாக்களை ஒத்தவை எவை? ஒற்றுமைகளைத் தொகுத்து எழுதுக.

4. ஜெர்மானியத் தோட்டக்காரர் வாழ்வையும் கான்கோஜேயின் வாழ்வையும் ஒப்பிட்டு, அயல்நாட்டில் வாழ்பவர்க்குரிய கடமைகளை எழுதுக.

5. உங்கள் ஊருக்குப் பிழைப்பு நாடி வந்துள்ள வேற்றூரார் அல்லது வேற்று மாநிலத்தாரின் உணவு, மொழி, விழா ஆகியவற்றைக் கேட்டறிந்து ஒரு கட்டுரை வரைக.